பிழைத்த காலும் பிளந்த உறையும்

"தலை தப்பியது தம்பிரான் புண்ணியம்" என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. பேரிடர் ஒன்றினின்று உயிரேனும் உறுப்பேனும் தப்பிவிட்டதாயின், அதற்கப்பால் எண்ணிப் பார்த்தல் நம்மவர்க்கு வழக்கமன்று. தப்பியதே போதும் என்று மகிழ்ந்து வீடு திரும்புகிறோம். இம்மகிழ்ச்சி நியாயமானதே. ஆயினும், தப்பிய உறுப்பு முன்னிருந்த நிலையிலேயே இருக்கின்றதா, அது இன்னும் நாற்பது ஐம்பது ஆண்டுகள் நம்மைச் சுமக்க வேண்டுமாயின் நாம் அதற்குச் செய்யக் கடவது யாது என்னும் கேள்விகள் அம்மகிழ்ச்சியில் மறைந்துபோதல் தகாது.

இக்கேள்விகளை நாம் இங்கு எழுப்புவது, காலின் தசையுறையைப் பிளக்கும் சத்திர சிகிச்சையைக் குறித்தாகும். மேனாட்டு வைத்திய நூலார் இதனை ஃபேஸியாட்டமி என வழங்குவர். வைத்தியர்க்குரிய இப்பொருளைக் கல்லூரிச் சஞ்சிகையில் எடுத்துரைப்பது எற்றுக்கு என்று வினவுவோர் இருக்கலாம். கால் எலும்பு முறிந்து இச்சிகிச்சைக்கு ஆளாகுவோருள் மிகுதியானவர் இளைஞரான ஆடவரே. மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரும், உதைபந்தாடுவோரும் நம் மாணவருள் பலராவர். ஆதலின் இது நம் வாசகரது வாழ்க்கையை நேரே தொடும் பொருளென்றே நாம் கருதுகின்றோம்.

முதற்கண் காலின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். முழங்காலுக்குக் கீழே கணுக்கால் வரையிலுள்ள தசைகள் நான்கு அறைகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. முன்னறை ஒன்று, வெளிப்பக்கத்து அறை ஒன்று, பின்புறத்தில் மேலாக ஒன்றும் ஆழமாக ஒன்றுமாக அறைகள் இரண்டு. இவ்வறைகளைச் சூழ்ந்து நிற்பது, வெண்ணிறமும் மிக்க உறுதியும் வாய்ந்த தசையுறை. பஞ்சு திணித்த தலையணைக்கு உறை எவ்வாறோ அவ்வாறே தசைக்கு இவ்வுறை. ஆனால் தலையணையுறையினும் இது இறுக்கமானது. எளிதில் நெகிழ்ந்து கொடாது. இந்நெகிழாமையே சில சமயங்களில் காலுக்கு நமனாகவும், எஞ்சிய காலமெல்லாம் காலுக்குத் துணையாகவும் அமைகின்றது. இவ்விரண்டனுள் முதலாவதை மாத்திரம் அறிந்து இரண்டாவதை மறந்தமையே நாம் இங்கு குறைகூறும் செய்தியாகும்.

எலும்பு முறிவினாலோ, பளுவான பொருளின் கீழ் கால் நசுங்கியதனாலோ, அறுபட்ட தமனியைச் சேர்த்து இரத்தம் மீளப் பாய்ந்ததனாலோ, தசை வீங்கத் தொடங்குகிறது. உறை இடங் கொடாமையால் அறையினுள் அழுத்தம் ஏறுகிறது. நுண்ணிய இரத்தக் குழல்கள் நசுங்குகின்றன. தசையும் நரம்பும் உணவற்றுத் தவிக்கின்றன. ஏறக்குறைய ஆறு மணி நேரம் இந்நிலை நீடிக்குமாயின் தசை மாளத் தொடங்கும். மாண்ட தசை மீண்டும் தழைப்பதில்லை. இறுகக் கட்டிய கட்டும் இதே கேட்டை விளைக்கும். ஜெர்மனி தேசத்து ஹாலே நகரில் சத்திர வைத்தியப் பேராசிரியராயிருந்த ரிச்சர்ட் ஃபான் ஃபோல்க்மன் என்பார் 1881-ஆம் ஆண்டிலேயே இதனை விளக்கியெழுதினார். குழந்தைகளுக்கான கற்பனைக் கதைகளை வேறு பெயரில் இயற்றிப் புகழ் பெற்றவரும் இவரே. அவர் கூறியதை இற்றைக்கும் நம் நாட்டில் நினைவூட்ட வேண்டியிருக்கின்றது. முறிந்த காலை மூங்கிற் பத்தையிட்டு இறுக்கிக் கட்டிவிட்டு, வலியால் துடிப்பவனைப் பொறுத்துக்கொள் என்று கூறும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் அறவே ஒழியவில்லை. காயத்தின் அளவிற்கு மிஞ்சிய வலி, கால்விரலைப் பிறர் நீட்டும்போது தாங்கவொண்ணா வேதனை, மரத்துப்போதல் ஆகியவை தோன்றின், கட்டினை உடனே அவிழ்த்து ஆஸ்பத்திரியை நாடுதல் வேண்டும். பாதத்தில் நாடி துடிக்கின்றதே என்று அமைதி கொள்ளுதல் பேதைமை. அழுத்தம் ஏறிய காலிலும் நாடி துடித்துக்கொண்டேயிருக்கக் கூடும்.

இந்நிலைக்கு மருந்து ஒன்றே. உறையை நெடுகப் பிளந்து தசைக்கு இடங் கொடுத்தலே அது. காலின் இருபுறமும் இரண்டு நீண்ட கீறல்கள் இட்டு நான்கு அறைகளையும் திறக்கும் முறையை முபாரக், ஓவன் என்னும் இருவர் 1977-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அறையின் அழுத்தத்திற்கும், இருதயம் தளரும்போதுள்ள இரத்த அழுத்தத்திற்கும் இடையேயுள்ள வேறுபாடு 30 மில்லிமீட்டர் பாதரச அளவிற்குக் குறையுமாயின் பிளத்தல் வேண்டும் என்று எடின்பரோ நகரத்து வைத்தியர் 1996-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். தாமதத்தின் கொடுமைக்குப் போர்க்களமே சான்று. காயமுற்ற அமெரிக்கப் போர்வீரரைக் குறித்து 2008-ஆம் ஆண்டில் வெளிவந்த கட்டுரையொன்றின்படி, களத்தருகே உறை பிளக்கப்பெற்றோருள் உறுப்பை இழந்தோர் நூற்றுக்கு 15. வேறிடம் கொண்டுசென்ற பின்னர்ப் பிளக்கப்பெற்றோருள் நூற்றுக்கு 31. உயிரிழந்தோர் முன்னவருள் நூற்றுக்கு 5, பின்னவருள் 19. ஆகவே, பிளக்க வேண்டிய நேரத்தில் பிளத்தலே கடன் என்பதில் நமக்கு ஐயம் சிறிதுமில்லை. நாம் இனிக் கூறுவனவற்றைக் கொண்டு எவரேனும் இச்சிகிச்சைக்கு அஞ்சிப் பின்வாங்குவாராயின், அவர் நம் கருத்தைத் தலைகீழாகப் பற்றியவராவர்.

இனி, உறையின் மற்றொரு தொழிலைக் காண்போம். இத்தாலி தேசத்துப் படுவா நகரத்தில் ஆசிரியராயிருந்த பப்ரீசியஸ் என்பார் 1603-ஆம் ஆண்டில் சிரைகளினுள்ளே சிறு கதவுகள் உள்ளனவென்று வரைந்து காட்டினார். அவர்பாற் பயின்ற ஆங்கிலேயரான வில்லியம் ஹார்வி, அக்கதவுகள் இரத்தத்தை இருதயத்தை நோக்கி மாத்திரமே செல்லவிடுவன என்று கண்டு, 1628-ஆம் ஆண்டில் இரத்த ஓட்டத்தின் உண்மையை உலகிற்கு உணர்த்தினார். ஆயினும் கதவு தானே நீரை இறைக்குமோ? பாதத்திலுள்ள இரத்தம் நிற்பவனது மார்பளவு உயரம் ஏறவேண்டுமன்றோ? அதனை ஏற்றுவது கெண்டைக்கால் தசையே. நாம் அடியெடுத்து வைக்குந்தோறும் அத்தசை சுருங்கித் தன்னகத்துள்ள ஆழ்ந்த சிரைகளைப் பிழிகின்றது. அசையாது நிற்பவனது கணுக்காற் சிரையில் அழுத்தம் 80 முதல் 90 மில்லிமீட்டர் வரை இருக்கும். நடக்கத் தொடங்கியவுடன் அது 30 மில்லிமீட்டர் அளவிற்கு இறங்குகின்றது. இதுபற்றியே கெண்டைக்காலை இரண்டாவது இருதயம் என்று கூறுவதும் உண்டு.

இவ்விரண்டாவது இருதயத்திற்குச் சுவராய் நிற்பது எது? நாம் மேலே கூறிய தசையுறையே. கொல்லன் உலைக்களத்துத் துருத்தியை எண்ணிப் பார்மின். அதன் தோல் இறுக்கமாயிருக்கும்வரை, அழுத்தியவளவு காற்று முழுதும் குழலின் வழியே சீறிப் பாய்கின்றது. தோல் தளர்ந்து பக்கத்தே உப்புமாயின், அழுத்துபவனது வலிமையிற் பாதி அவ்வுப்பலிலேயே வீணாகின்றது. சுருங்கும் தசை வெளிநோக்கிப் புடைக்கின்றது. உறை அதனைத் தடுத்து நிறுத்துகின்றது. அங்ஙனம் தடுத்தலினால்தான் அழுத்தம் உள்நோக்கித் திரும்பிச் சிரைகளைப் பிழிகின்றது. 1981-ஆம் ஆண்டில் நாய்களின் காலில் நிகழ்த்திய சோதனையொன்றில், உறையைப் பிளந்தவுடன் தசையின் இழுப்பு வலிமை நூற்றுக்கு ஏறக்குறைய 15 பங்கும், சுருங்கும்போது அறையினுள் எழும் அழுத்தம் ஏறக்குறையப் பாதியும் குறைந்தன. அக்கால்களில் முறிவுமில்லை, நசுக்கமுமில்லை. பிளவு ஒன்றே நிகழ்ந்தது என்பதை வாசகர் கருத்திற் கொள்வாராக.

மனிதரிடத்தும் இதன் சாயல் காணப்பட்டது. காற்றுப் பையைக் காலில் அணிவித்துக் கெண்டைக்கால் எத்துணை இரத்தத்தை வெளியேற்றுகின்றது என அளக்கும் கருவி ஒன்று உண்டு. சான் பிரான்சிஸ்கோ நகரத்து வைத்தியர் 1998-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்று, உறை பிளக்கப்பெற்ற கால்களை இக்கருவியால் நெடுநாட்கழித்து அளந்து, வெளியேறும் இரத்தம் குறைந்தும் தங்கும் இரத்தம் மிகுந்தும் இருப்பதைக் காட்டிற்று. அளக்கப்பெற்றோர் சிலரே, ஆயினும் அவர்கண்ட முடிபு மேலே கூறிய துருத்தியின் நியாயத்தோடு பொருந்துகின்றது. 2000-ஆம் ஆண்டில் எடின்பரோவினின்று வெளிவந்த மற்றொரு கட்டுரை, கை கால்களில் உறை பிளக்கப்பெற்ற 60 பேரின் பிற்கால நிலையை ஆராய்ந்தது. புண்ணின் ஓரத்தில் உணர்ச்சி வேறுபட்டோர் நூற்றுக்கு 77. தோல் உலர்ந்து செதில் உதிர்ந்தோர் 40. உறுப்பு வீங்கியிருந்தோர் 25. மீண்டும் மீண்டும் புண் கண்டோர் 13. தசை பிதுங்கியோரும் 13. தழும்பின் தோற்றங் காரணமாகப் பொழுதுபோக்கை மாற்றிக்கொண்டோர் 28. தொழிலையே மாற்றிக்கொண்டோர் 12. இவையாவும் வைத்தியர் கணக்கில் வெற்றியென்று எழுதப்பெறும் உறுப்புக்களின் கதை என்பதை மறவற்க.

கேடு எவ்வாறு வளர்கின்றதென்பதும் அறியத்தக்கது. மாலையில் கணுக்கால் சற்றே வீங்குகின்றது, காலையில் வடிந்துவிடுகின்றது. சில ஆண்டுகள் சென்றபின் கணுக்காலின் உட்புறத்துத் தோல் கருகி, அரித்துத் தடிக்கின்றது. பின்னொரு நாள் சிறு கீறல் ஒன்று ஆறாத புண்ணாகின்றது. அப்போது நோயாளி தன் பழைய விபத்தை நினைப்பதில்லை, வைத்தியரும் கேட்பதில்லை. களிம்பு மேல் களிம்பு தடவிக் காலம் கழிகின்றது. இருபதாம் வயதிற் பிழைத்த கால், நாற்பதாம் வயதிற் குடும்பத்தைக் காக்க வேண்டிய வேளையில் அவனை வீட்டில் இருத்திவிடுகின்றது. முதல் நாளிலேயே சொல்லப்பட்டிருக்க வேண்டிய நான்கு வார்த்தைகள் சொல்லப்படாமையால் விளையும் இழப்பு இது.

இதற்கு மாறாக இரண்டு நியாயங்கள் கூறப்படுவதுண்டு. குற்றம் பிளவினுடையதன்று, காயத்தினுடையது என்பது ஒன்று. எலும்பு முறிந்து, சிரையில் இரத்தம் உறைந்து, தசையிற் பாதி மாண்ட காலில் எது எதனால் விளைந்ததென்று எவர் பிரித்துரைப்பார் என்பர். இதில் உண்மை உண்டு, மறுத்தற்கில்லை. ஆயினும், காரணம் இரண்டாயினும் காவல் ஒன்றே. வெள்ளம் மழையினால் வந்ததோ மதகு உடைந்ததனால் வந்ததோ என்று வழக்காடிக்கொண்டு கரையைக் காவாது விடுவோர் உளரோ? காயமுற்றுப் பிளக்கவும்பட்ட காலுக்கு இருவகைக் குறையும் சேர்ந்திருத்தலால், அதன்பால் இருமடங்கு கவனம் வேண்டும் என்பதே இந்நியாயத்தினின்று பெறத்தக்க முடிபு.

பிற்கால இன்னல்களை எடுத்துரைத்தால் நோயாளி அஞ்சிச் சிகிச்சைக்கு இணங்கமாட்டான் என்பது மற்றொன்று. இதனை நாம் ஒப்புக்கொள்ளுதற்கில்லை. காலை இழப்பதா, குறையுள்ள காலைப் பெறுவதா என்னும் தேர்வில் எவரும் தடுமாறார். அவசர வேளையில் எல்லாவற்றையும் விரித்துரைக்க இயலாதெனின், ஆஸ்பத்திரியை விட்டு நீங்கும் நாளில் உரைத்தல் இயலுமன்றோ? நம் மக்கள் எழுத்தறியாதவராயிருந்த காலத்தில் வைத்தியர் மௌனம் காத்தமைக்கு ஒரு காரணம் இருந்திருக்கலாம். இக்காலத்தில் அம்மௌனம் அன்பாகாது.

உறையின் பயனை உணர்தலால் மற்றொரு நன்மையும் உண்டு. வேண்டாத இடத்தில் அதனைப் பிளவாதிருத்தல். நம் நாட்டுப்புறங்களில் பாம்பு தீண்டிய கால் பெரிதும் வீங்கி, அறையழுத்தம் ஏறிய காலைப் போலவே தோன்றும். ஆயினும் அவ்வீக்கத்தில் பெரும்பாலானது தோலுக்கும் உறைக்கும் இடையிலேயே தங்குவது. விஷத்தினால் இரத்தம் உறையுந் தன்மை இழந்திருக்கும்போது கீறுதல் உயிருக்கே கேடு. ஆதலின், விஷமுறி மருந்து கொடுத்து, இரத்தத்தின் உறையுந் தன்மை மீண்ட பின்னர், கருவியால் அளந்து அழுத்தம் மிகுதியென்று தெளிந்தாலன்றி உறையைப் பிளத்தலாகாது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டி நூல் வற்புறுத்துகின்றது. கண்ணால் வீக்கத்தைக் கண்டவுடன் கத்தியை எடுத்தல் விரைவு ஆகாது, பதற்றமே ஆகும்.

இனிச் செய்யத்தக்கன யாவை? ஆஸ்பத்திரியினின்று நீங்கும் ஒவ்வொருவர்க்கும், எக்காலில் எந்நாளில் எத்தனை அறைகள் பிளக்கப்பட்டன, பின்னர் எவற்றைக் கவனித்தல் வேண்டும் என்பவற்றைத் தமிழில் எழுதிய தாளொன்று தரப்படுதல் வேண்டும். தமனியோட்டம் செம்மையாயுள்ளதென வைத்தியர் அறிந்து கூறிய பின்னர், காலை இதமாக அழுத்தும் மீள்மேசோடு அணிதல் நன்று. இழந்த சுவருக்கு அது ஒருவாறு வெளிச்சுவராய் உதவும். குதிகாலை உயர்த்தித் தாழ்த்தும் பயிற்சியை நாள்தோறும் செய்தலால் எஞ்சிய தசை வலுப்பெறும். படுக்கும்போது காலைச் சற்றே உயர்த்தி வைத்தலும், ஒட்டுத்தோலுக்கு வியர்வையும் எண்ணெய்ப் பசையும் குறைவாதலின் அதற்கு எண்ணெய் தடவுதலும், உணர்ச்சி குன்றிய இடத்தில் செருப்பு உராயாது காத்தலும் எவர்க்கும் எளியன. தையற்காரர் நாடாவால் மாதமொருமுறை இரு கால்களின் சுற்றளவையும் அளந்து குறித்துவைத்தால், வீக்கம் வளர்வதை முன்னரே அறியலாம். இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. இல்லாதது சொல்வார் மாத்திரமே.

சமூகத்தின் பங்கும் உண்டு. நடப்பதால் இக்கால் நலம் பெறும்; அசையாது நிற்பதால் நலிவுறும். நம் நாட்டில் துணிக்கடையில் நாள் முழுதும் நிற்போரும், வகுப்பில் நின்று கற்பிப்போரும் எண்ணிறந்தவர். கடைகளில் வேலை செய்வோர்க்கு அமர இருக்கை தரவேண்டுமென்று 1947-ஆம் ஆண்டுக் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசினர் திருத்தம் செய்தனர். கேரள நாட்டார் 2018-ஆம் ஆண்டிலேயே அதனைச் செய்திருந்தனர். சட்டம் நாற்காலியைத் தரும்; அதில் அமர்பவனைச் சோம்பேறியென்று நோக்காத கண்ணை நாமே தரவேண்டும். வெளிக்குத் தெரியாத குறையுடையோரிடத்து நம் மனம் எளிதில் இரங்குவதில்லை. ஊன்றுகோல் கண்டால் வழிவிடுவோம். முழுக்காற் சட்டையினுள் மறைந்த தழும்பைக் கண்டதில்லையாதலின் அவனை வரிசையில் நிற்கவைப்போம்.

நம் கல்லூரியின்கண்ணும் இது நினைக்கத்தக்கது. விளையாட்டில் கால் முறிந்து திரும்பும் மாணவன் மறுபருவத்தில் முன்போல் ஓடவில்லையெனின், அவனது ஊக்கத்தைக் குறைகூறுமுன் அவனது காலின் வரலாற்றைக் கேட்போமாக. தழும்பைப் பார்த்து நகைப்போரைத் தோழரே தடுப்பாராக. வைத்தியம் பயிலச் செல்லும் நம் மாணவர்கள், கத்தியைக் கற்கும்போதே கத்திக்குப் பின்வரும் நாற்பதாண்டையும் கற்பாராக. சத்திர வைத்தியர் காப்பாற்றிய காலைக் காத்து நடத்துதல், அதனையுடையவன், அவனது வீட்டார், அவனுக்கு வேலை தருவோர் ஆகிய அனைவர்க்கும் உரிய கடமை என்பதே நம் துணிபு.